ஆறு மாத சர்வீஸில் பரம் வீர் சக்ரா: அருண் கேத்ரபால் அப்படி என்ன செய்தார்?

மதுரையிலிருந்து டெல்லிக்குப் படிக்க வந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. நண்பர்களோடு இந்தியா கேட் அருகே உள்ள தேசியப் போர் நினைவிடத்துக்குப் போயிருக்கிறார். பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகளில் ஒன்றில் மிக இளைய முகம்: செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்ரபால், 1971. "ராணுவத்தில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அப்படி என்ன செய்துவிட்டார்? எரியும் டாங்கை விட்டு வரச் சொன்ன உத்தரவை மீறினார் என்கிறார்கள். உத்தரவை மீறியவருக்குப் போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருது எப்படிக் கொடுத்தார்கள்? அவரைக் கொன்ற பாகிஸ்தான் அதிகாரியே பிற்பாடு அவர் அப்பாவைத் தன் வீட்டில் தங்கவைத்தார் என்பது உண்மையா? கூட வந்த நண்பன் 'இதெல்லாம் வடக்கத்தியக் கதை, நமக்கென்ன' என்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?"

உங்கள் நண்பருக்கான பதிலிலிருந்தே தொடங்குகிறேன், தம்பி. அதைச் சொன்னால்தான் மற்ற கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியும்.

ஜம்முவுக்கும் பதான்கோட்டுக்கும் நடுவே பாகிஸ்தான் நிலம் இந்தியாவுக்குள் வயிறு போலத் துருத்திக்கொண்டு நிற்கும். ஷகர்கர் பகுதி என்று பெயர். காஷ்மீரை நாட்டின் மற்ற பகுதியோடு இணைத்த முக்கியச் சாலை அதன் ஓரமாகத்தான் போகிறது. அங்கிருந்து பாகிஸ்தான் டாங்குகள் புறப்பட்டால் அந்தச் சாலையை வெட்டிவிட முடியும். அதனால் 1971 டிசம்பரில் போர் தொடங்கியதும் இந்திய ராணுவம் அந்தப் பகுதிக்குள் நுழைந்தது. குறுக்கே ஓடும் பசந்தர் ஆற்றைத் தாண்டி அக்கரையில் காலூன்றும் வேலை 54ஆவது காலாட்படை டிவிஷனுக்கு. அதன் 47ஆவது பிரிகேடுக்குத் துணையாக நின்ற டாங்கு ரெஜிமென்ட்தான் 17 பூனா ஹார்ஸ், அருணின் ரெஜிமென்ட்.

ஆறு பெரிய தடை இல்லை. அதைச் சுற்றிப் பாகிஸ்தான் புதைத்து வைத்திருந்த கண்ணிவெடி வயல்தான் தடை. டிசம்பர் 15ஆம் தேதி இரவு அந்த வயலுக்குள் இறங்கி டாங்குகளுக்கு வழி திறந்தவர்கள் 9 இன்ஜினியர் ரெஜிமென்ட்காரர்கள், அதாவது மெட்ராஸ் சாப்பர்ஸ். பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் அதே மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் பிள்ளைகள். ராணுவத்தில் அவர்களை இன்றும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த ரெஜிமென்ட்டின் மேஜர் விஜய் ரத்தன் சவுத்ரி வெடி அகற்றும் வேலையை முன்னால் நின்று நடத்திக்கொண்டிருந்தபோதே எதிரியின் பீரங்கித் தாக்குதலில் பலியானார். பரம் வீர் சக்ராவுக்கு அடுத்த விருதான மகாவீர் சக்ரா கொடுத்தார்கள்.

அக்கரையில் காலாட்படையாகப் போய்ப் பதுங்குகுழிகளைப் பிடித்தவர்களில் ஒரு பட்டாலியன் 3 கிரனேடியர்ஸ். ஜர்பால் கிராமத்தைப் பிடித்துக் காத்த அதன் மேஜர் ஹோஷியார் சிங்கும் பரம் வீர் சக்ரா பெற்றவர், உயிரோடு திரும்பியவர். இன்னொரு பட்டாலியன் 16 மெட்ராஸ். 'வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு' என்று கத்திக்கொண்டு பாயும் மெட்ராஸ் ரெஜிமென்ட். தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா, கர்நாடகப் பையன்கள். பிடித்த இடத்தைத் தக்கவைக்கும் சண்டையில் அவர்களுடைய தளபதி லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் காய் உயிரிழந்தார். அவருக்கும் மகாவீர் சக்ரா.

ஆக, டிசம்பர் 16 காலை அந்தப் பஞ்சாப் பையன் தன் டாங்கில் உட்கார்ந்து எதிரியைப் பார்த்தபோது, அவருக்குப் பின்னால் திறந்த வயலில் பதுங்கிக் கிடந்த காலாட்களில் நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அவர் கடந்து வந்த பாதையை வெடித்துச் சிதறாமல் திறந்து கொடுத்தவர்களும் நம்மவர்கள். உங்கள் நண்பருக்கு இதைச் சொல்லுங்கள். அருண் ஏன் டாங்கை விட்டு இறங்கவில்லை என்பதற்கான பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

சரி, யார் இந்தப் பையன்?

1950 அக்டோபர் 14, புனேயில் பிறந்தார். பூர்வீகம் சர்கோதா, பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போன ஊர். கொள்ளுத்தாத்தா சீக்கியப் படையில் நின்று சிலியன்வாலாவில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டவர். தாத்தா முதல் உலகப் போரில் அதே ஆங்கிலேயர் படையில் இருந்தவர். அப்பா எம்.எல். கேத்ரபால் இந்திய ராணுவத்தின் இன்ஜினியர்ஸ் பிரிவில் அதிகாரி, பிரிகேடியராக ஓய்வு பெற்றார். அருண் சனாவர் லாரன்ஸ் பள்ளியில் படித்து, 1967இல் தேசிய பாதுகாப்பு அகாடமியில் சேர்ந்து, டேராடூன் ராணுவ அகாடமி வழியாக 1971 ஜூன் 13 அன்று பூனா ஹார்ஸில் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். அந்தப் பதவி இப்போது இல்லை. இன்று பயிற்சி முடிக்கும் அதிகாரி நேராக லெப்டினன்ட் ஆகிறார். அன்றைக்கு அதுதான் அதிகாரிகளிலேயே கடைசிப் படி.

போர் வந்தபோது அவர் அகமத்நகரில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சியில் இருந்தார். டாங்குச் சண்டையின் பாடம் முடியவில்லை, பாதியில் எல்லாரையும் ரெஜிமென்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். போகிற வழியில் டெல்லி வீட்டுக்கு வந்து பெட்டி கட்டினார். கோல்ஃப் மட்டைகளையும், விருந்துக்குப் போடும் நீல நிறச் சீருடையையும் உள்ளே வைத்தார். அப்பா எதற்கு என்று கேட்டார். லாகூரில் கோல்ஃப் ஆடுவேன், வெற்றி விருந்து நடக்குமே, அதற்கு இந்த உடை வேண்டும் என்றாராம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும். 21 வயதுப் பையன் அப்படித்தான் பேசுவான். அவன் சாகப் போகிறேன் என்று நினைத்துக் கிளம்பியவன் இல்லை. வீரர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இதை மறந்துவிட்டு, பிறந்த நாளிலிருந்தே மரணத்தைத் தேடிப் போனவர் போல எழுதுகிறார்கள். அது அந்தப் பையனுக்குச் செய்யும் நியாயம் இல்லை.

இப்போது அந்தக் காலைக்கு வருவோம்.

15ஆம் தேதி இரவு சாப்பர்கள் வெடி வயலில் பாதி தூரம்தான் வழி திறந்திருந்தார்கள். அதற்குள் அக்கரையிலிருந்த காலாட்படையிடமிருந்து செய்தி: எதிரி டாங்குகள் நடமாட்டம் தெரிகிறது, நமக்கு டாங்கு உடனே வேண்டும். முழுப் பாதையும் திறக்கும்வரை காத்திருந்தால் விடிந்துவிடும். வெறும் துப்பாக்கியோடு கிடக்கும் காலாட்கள் மீது டாங்குகள் ஏறிவிடும். பூனா ஹார்ஸின் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஹனூத் சிங், இன்னும் சுத்தம் செய்யாத மீதி வெடி வயல் வழியாகவே டாங்குகளை ஓட்டச் சொன்னார். அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள்.

கண்ணிவெடி வயலில் பாதை என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் மாமனார் மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விவரித்ததைத்தான் சொல்கிறேன். இருட்டில், வெளிச்சம் காட்டாமல், வயிற்றில் ஊர்ந்தபடி, நீளமான கம்பியைச் சாய்வாக மண்ணில் குத்திக் குத்திப் பார்ப்பார்கள். கம்பி கெட்டியான எதையாவது தொட்டால் கையால் மண்ணை ஒதுக்கி, வெடியைச் செயலிழக்கச் செய்து, அடையாளம் வைத்து நகர வேண்டும். ஒரு டாங்கு போகும் அகலத்துக்கு இப்படித் திறப்பதற்கே மணிக்கணக்காகும். எதிரிக்குச் சத்தம் கேட்டால் பீரங்கிக் குண்டு விழும். எழுந்து ஓடவும் முடியாது, ஏனென்றால் ஓடுகிற இடத்திலும் வெடி. இவ்வளவு பாடுபட்டும் கிடைப்பது ஒரு ஒடுக்கமான சந்து. அக்கரைக்குப் போன டாங்குகளுக்குப் பின்னால் இருந்தது அதுதான். நினைத்த பக்கம் ஒதுங்கி, பின்வாங்கி, திரும்பச் சுற்றி வந்து அடிக்க அங்கே இடம் கிடையாது.

16ஆம் தேதி காலை 8 மணிவாக்கில் புகைத்திரை போட்டுக்கொண்டு பாகிஸ்தானின் டாங்குப் படை ஜர்பால் பக்கம் பாய்ந்தது. 13 லான்சர்ஸ் ரெஜிமென்ட், அமெரிக்காவின் பாட்டன் டாங்குகள். முன்னால் நின்ற பூனா ஹார்ஸின் பி ஸ்குவாட்ரன் (ரெஜிமென்ட்டுக்குள் ஒரு டாங்குப் பிரிவு) எண்ணிக்கையில் குறைவு. உதவி வேண்டும் என்று வயர்லெஸ்ஸில் கேட்டார்கள். ஏ ஸ்குவாட்ரனில் இருந்த அருண் தன் சிறு குழுவோடு உடனே கிளம்பினார். கிளம்பச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை என்று குறிப்புகள் சொல்கின்றன.

வழியிலேயே எதிரிக் காவலரண்களிலிருந்து சுட்டார்கள். அருண் டாங்கை நேராக அவற்றின் மீது விட்டார், அங்கிருந்தவர்களைக் கைத்துப்பாக்கி முனையில் சரணடைய வைத்தார். அந்தச் சண்டையில் அவர் குழுவின் இன்னொரு டாங்கின் கமாண்டர் இறந்துபோனார். அருண் தனியாகவே மிச்சக் காவலரண்களையும் முடித்துவிட்டு பி ஸ்குவாட்ரனிடம் போய்ச் சேர்ந்தார். பாகிஸ்தான் டாங்குகள் பின்வாங்கத் தொடங்கின. துரத்திப் போய் ஒன்றை அடித்தார். மேலே போய்விடாதே என்று இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

எதிரி மறுபடி அணி சேர்ந்து ஒரு முழு ஸ்குவாட்ரனோடு வந்தபோது, அந்தப் பகுதியில் இந்தியத் தரப்பில் எதிர்கொள்ள இருந்தவை மூன்று டாங்குகள்: கேப்டன் மல்ஹோத்ரா, லெப்டினன்ட் அஹ்லாவத், அருண். அடுத்து நடந்த மோதலில் எதிரியின் 10 டாங்குகள் வீழ்ந்தன. அவற்றில் அருண் நேரடியாக அழித்தவை 4. நம் வாட்ஸ்அப் குழுக்களில் பத்தையும் அவரே அழித்ததாக ஒரு செய்தி சுற்றுகிறது, அது தவறு. நான்கு என்பது சிறிய எண்ணிக்கை இல்லை. அதை ஊதிப் பெரிதாக்குகிறவர்கள், கூடச் சண்டை போட்ட மற்ற இருவரின் பங்கையும் அழித்துவிடுகிறார்கள்.

அந்த மோதலில் அஹ்லாவத்தின் டாங்கு அடிபட்டு அவர் காயமடைந்தார். மல்ஹோத்ராவின் பீரங்கி இயங்காமல் நின்றுவிட்டது. அருணின் டாங்கும் அடிபட்டுத் தீப்பிடித்தது. அவருக்கும் பலத்த காயம். வெளியே வந்துவிடு என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். அவர் பதில் எல்லாருக்கும் தெரிந்தது: இல்லை சார், டாங்கை விட்டு வர மாட்டேன், என் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது. அதற்குப் பிறகும் ஒரு டாங்கை அடித்தார், ஏறக்குறைய 100 மீட்டர் தூரத்தில். இரண்டாவது குண்டு அவர் டாங்கில் விழுந்தது. காலை 10 மணி தாண்டிச் சிறிது நேரம்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. உத்தரவை மீறியது சரியா?

விருதுக்கான பாராட்டுரையை ராணுவமே எழுதியிருக்கிறது. அதில் இதை மறைக்கவில்லை. டாங்கை விட்டு வரச் சொன்னார்கள், ஆனால் எதிரி இன்னும் முன்னேறிக்கொண்டிருப்பதையும், தான் விலகினால் அந்தப் பக்கமாக உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவான் என்பதையும் உணர்ந்து அவர் தொடர்ந்து போரிட்டார் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. நல்ல ராணுவம் எதை மீறல் என்று பார்க்கிறது, எதைப் பொறுப்பு என்று பார்க்கிறது என்பது இதிலிருந்து புரியும். வெளியே வா என்ற உத்தரவு அவர் உயிரைக் காப்பதற்காக இட்டது. பகுதியை விட்டுக்கொடு என்று யாரும் சொல்லவில்லை. தன் உயிரைக் காப்பதும் அந்தப் பகுதியைக் காப்பதும் ஒன்றுக்கொன்று முரணாக நின்ற நொடியில் அவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்.

அதை வெறும் ரத்த வேகம் என்று சொல்கிறவர்களை நான் ஒப்புக்கொள்வதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று டாங்குகளில் ஒன்று வீழ்ந்துவிட்டது, இன்னொன்றால் சுட முடியாது. சுடக்கூடிய ஒரே பீரங்கி அவருடையது. பின்னால் காலாட்கள், அவர்களுக்குப் பின்னால் வெடி வயல், அதற்குள் ஒடுக்கமான சந்து. அந்தச் சந்து வழியாக அத்தனை பேரும் தப்பிப்பது நடக்கிற காரியமா? முந்தைய இரவு சாப்பர்கள் உயிரைக் கொடுத்துத் திறந்த வழி, 16 மெட்ராஸும் 3 கிரனேடியர்ஸும் பிடித்த மண், எல்லாமே அந்த ஒரு பீரங்கியின் பின்னால் இருந்தது. இது ஆறு மாத சர்வீஸ்காரருக்குத் தெரிந்திருந்தது. அன்று அவர் பக்கமாக ஒரு எதிரி டாங்குகூட உடைத்துக்கொண்டு போகவில்லை.

ஆனால் இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் ஓட்டியது செஞ்சூரியன் டாங்கு, சுமார் 50 டன், உள்ளே நான்கு பேர். டிரைவர் பிரயாக் சிங், கன்னர் நாது சிங், குண்டு ஏற்றி வயர்லெஸ் பார்த்த நந்த் சிங். அருண் இருக்க முடிவெடுத்தபோது அந்த முடிவு அவர்களுக்கும் சேர்த்துத்தான். நந்த் சிங் அந்த டாங்கிலேயே உயிர்விட்டார். மற்ற இருவரும் பிழைத்தார்கள். தீப்பற்றிய இரும்புப் பெட்டிக்குள் கன்னர் குறி பார்க்காமல் இருந்திருந்தால், டிரைவர் கைவிட்டிருந்தால், அந்தக் கடைசி டாங்கு வீழ்ந்திருக்காது. நந்த் சிங் பெயரையும் சேர்த்துச் சொல்லாமல் அருணைப் பற்றிப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அதே 16ஆம் தேதி மாலை டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மறுநாள் இரவு மேற்கு எல்லையிலும் போர் நின்றது. டெல்லியில் கேத்ரபால் வீட்டில் மகன் வருவான் என்றுதான் இருந்தார்கள். போர் முடிந்து சில நாள் கழித்துத்தான் செய்தி வந்தது. அதற்கு முன்பே, 17ஆம் தேதி, சாம்பா பக்கத்தில் அவருக்கு எரியூட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தது அஸ்தி.

கடைசிக் கேள்வி, அந்த விருந்து. உண்மைதான். 2001இல் பிரிகேடியர் எம்.எல். கேத்ரபாலுக்கு 81 வயது. பிறந்த ஊரான சர்கோதாவை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று பாகிஸ்தான் போனார். லாகூரில் அவரைத் தன் வீட்டில் தங்க வைத்து, கூடவே இருந்து கவனித்துக்கொண்டவர் பிரிகேடியர் குவாஜா முகமது நாசர், ஓய்வு பெற்றவர். குடும்பமே அந்த முதியவரிடம் அளவுக்கு மீறிய மரியாதை காட்டியது. புறப்படும் நேரம் நெருங்கியபோதுதான் நாசர் உண்மையைச் சொன்னார்: 1971இல் நான் 13 லான்சர்ஸில் மேஜர், உங்கள் மகனோடு மோதியவன் நான்தான், அவர் என் கையால்தான் இறந்தார். மகனின் வீரத்தைப் பற்றி அவர் வாயால் கேட்டார் அந்த அப்பா. கோபப்படவில்லை. இரண்டு பேரும் தங்கள் நாட்டுக்காகச் சண்டை போட்டவர்கள் என்பது அவர்கள் இருவருக்குமே புரிந்த விஷயம்.

இதைச் சிலர் 'பகையாவது ஒன்றாவது' என்று இனிப்பாக முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. முப்பது வருஷம் ஒரு மனிதர் இதைச் சுமந்திருக்கிறார், சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனாலும் சொன்னார். கேட்டவருக்கும் வலிக்காமல் இருந்திருக்க முடியாது.

அப்புறம், இவரைப் பற்றி மேலும் பார்க்க வேண்டுமானால் வெகுதூரம் போக வேண்டாம். நொய்டாவில் 28, 29, 37 செக்டர்களில் உள்ள ராணுவக் குடியிருப்புக்கு அருண் விஹார் என்று பெயர் வைத்தது இவர் நினைவாகத்தான். அங்கே வாடகைக்கு இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கே இது தெரியாது. அவர் ஓட்டிய 'ஃபாமகுஸ்டா' என்ற டாங்கு, இப்போது அகில்யாநகர் என்று பெயர் மாறிய அகமத்நகரில் காட்சிக்கு இருக்கிறது. 2023இல் அந்தமானில் ஒரு தீவுக்கும் அவர் பெயர் வைத்தார்கள்.

நினைவிடத்துக்கு மறுபடி போனால் சிலைகளோடு திரும்பிவிடாதீர்கள். ஊரிலிருந்து வரும் உறவினர்களை நான் அங்கே அழைத்துப் போகும்போது, எல்லாரும் முதலில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் சிலை முன்னால் நின்று படம் எடுப்பார்கள். மும்பையில் பிறந்த தமிழர், 1987இல் இலங்கையில் உயிரிழந்தவர். அது இயல்புதான், நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் அதே நினைவிடத்தில் தியாக சக்கரம் என்ற பகுதியின் சுவர்களில், உயிரிழந்த வீரர்களின் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் கருங்கல்லில் இருக்கின்றன. உங்கள் நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள். 1971 பெயர்களில் பூனா ஹார்ஸின் நந்த் சிங்கைத் தேடுங்கள். அப்படியே 16 மெட்ராஸ், 9 இன்ஜினியர் ரெஜிமென்ட் பெயர்களையும் வாசிக்கச் சொல்லுங்கள்.